ஒரு குவாட்டர்பேக்கா, மாறி மாறி இருவரா?

இரண்டு குவாட்டர்பேக் இருக்கிற அணிக்கு ஒருவருமே இல்லை என்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பேச்சு உண்டு. பந்தை வாங்கி வீசுவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவெடுத்துத் தாக்குதலை நடத்துபவர்தான் குவாட்டர்பேக். அதில் பாதிதான் உண்மை. 2006-இல் ஃப்ளோரிடா இருவரை வைத்துத்தான் தேசியப் பட்டம் வென்றது. 1999-இல் மிஷிகன் இருவரை வைத்து ஏழு ஆட்டங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒருவரிடமே வந்து சேர்ந்தது. திறமைக் குறைவு காரணம் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் மிஷிகனின் இருவரில் ஒருவர் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி. ஃப்ளோரிடாவில் இருவருக்கும் தனித்தனி வேலை இருந்தது. மிஷிகனில் ஒரே வேலையை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஃப்ளோரிடாவை முதலில் எடுத்துக்கொள்வோம். கிறிஸ் லீக் கடைசி ஆண்டு மாணவர், வலக்கைக்காரர், நின்று நிதானமாகப் பந்து வீசுபவர். டிம் டீபோ முதலாண்டு, இடக்கைக்காரர், ஆளை இடித்துக்கொண்டு ஓடுகிற உடம்பு. தலைமைக் கோச் அர்பன் மேயரிடம் யார் முதல் ஆள் என்ற கேள்வியே எழவில்லை, லீக்தான். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்) ஒன்றிரண்டு யார்டு தேவைப்படும்போதும், கோல் கோட்டை நெருங்கும்போதும் டீபோ உள்ளே வருவார். அந்த சீசனில் டீபோ 89 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 469 யார்டும் 8 டச்டவுனும் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார். வீசியது 33 முறை மட்டும், அதில் 5 டச்டவுன்.

அந்த 33-ஐ அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. ஓடுவதற்கென்றே ஒருவர் உள்ளே வருகிறார் என்றால் தடுக்கும் பக்கமான டிஃபென்ஸ் உடனே கடைசி வரிசையில் நிற்கும் ஒரு சேஃப்டியை முன்னே இழுத்துக் கூட்டத்தை அடர்த்தியாக்கிவிடும். அவர் வீசவே மாட்டார் என்று தெரிந்துவிட்டால் இரண்டு வாரத்தில் அந்தத் திட்டம் செத்துப்போகும். டீபோ கையில் பந்து வந்து முடிந்த நான்கு பிளேக்களில் (தனித்தனி முயற்சிகளில்) ஏறக்குறைய ஒன்று வீச்சு. லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) அணியுடன் நடந்த ஆட்டத்தில் கோல் கோட்டருகே அவர் ஓடப்போவதுபோல் இரண்டடி முன்னே பாய்ந்து, எகிறி, அந்தரத்தில் இருந்தபடியே சக வீரர் டேட் கேசியிடம் பந்தைத் தட்டிவிட்டார். அன்று முதல் எதிரணி சேஃப்டிகளால் கண்ணை மூடிக்கொண்டு முன்னே ஓடிவர முடியவில்லை. 2007 ஜனவரி 8 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று வீழ்த்திய இறுதி ஆட்டத்திலும் லீக் 36 முறை வீசி 25-ஐச் சேர்த்தார். டீபோ ஒரு டச்டவுன் ஓடினார், ஒன்று வீசினார். அவர் தொட்டது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எதிரணி ஒரு மாதம் தனிப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஆளை மாற்றுவதால் கிடைக்கிற உண்மையான லாபம் அதுதான்.

மிஷிகனில் நடந்தது வேறு. கோச் லாய்ட் கார் முதல் குவாட்டரை (ஆட்டத்தின் முதல் கால் பகுதியை) பிரேடிக்கும் இரண்டாவதை ட்ரூ ஹென்சனுக்கும் கொடுத்தார். இடைவேளையில் யார் நன்றாக ஆடினார் என்று பார்த்து இரண்டாம் பாதிக்கு ஒருவரை நிறுத்துவார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இருவரும் பின்னே வந்து நின்று வீசுகிறவர்கள், ஆடியதும் ஒரே பிளேபுக். ஆள் மாறியதால் எதிரணி புதிதாக எதற்கும் தயாராக வேண்டியிருக்கவில்லை. தயாராக வேண்டியிருந்தது முன்வரிசையில் தடுக்கும் மிஷிகனின் சொந்த லைன்மேன்களும் வீச்சைப் பிடிக்கும் ரிசீவர்களும்தான். மிஷிகன் ஸ்டேட்டுடன் இரண்டாம் பாதியை ஹென்சனிடம் கொடுத்தார்கள். 17 புள்ளி பின்தங்கிய பிறகு பிரேடியைத் திரும்ப இறக்கினார்கள். அவர் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தும் ஆட்டம் 34-31 என்று கைநழுவியது. சீசன் முடிவில் ஆரஞ்சு பவுலில், முழுப் பொறுப்பும் தன்னிடமே இருந்தபோது, பிரேடி 369 யார்டும் 4 டச்டவுனும் வீசி அலபாமாவை 35-34 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தார். ஒரு குவாட்டர் என்பது மூன்று, நான்கு டிரைவ்தான், அதாவது பந்து கையில் இருக்கும் மூன்று, நான்கு தவணைதான். அந்த அளவை வைத்து ஒரு குவாட்டர்பேக்கை எடைபோட முடியாது. ஒரு ரிசீவர் பந்தைக் கைவிட்டால்கூடக் கணக்கே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது வகை, ஒவ்வொரு பிளேவுக்கும் மாற்றுவது. அப்போது ஃப்ளோரிடாவின் கோச்சாக இருந்த ஸ்டீவ் ஸ்பரியர் 1997 நவம்பரில் அதுவரை தோல்வி காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக டக் ஜான்சனையும் நோவா பிரிண்டைஸையும் மாற்றி மாற்றி அனுப்பி 32-29 என்று வென்றார். களத்துக்கு வெளியே நிற்பவரிடம் அடுத்த பிளேயை நேராகச் சொல்லி அனுப்பலாம், கை சைகை தேவையில்லை, எதிரணி அதைத் திருடவும் வழியில்லை. அழகான வேலை, ஆனால் இன்றைக்கு அதை நகலெடுப்பதில் அர்த்தமில்லை. 2024 முதல் மேல்மட்டக் கல்லூரி அணிகளில் களத்தில் உள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டில் ரேடியோ இருக்கலாம். பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். அடுத்த பிளேயைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது பேச்சு துண்டிக்கப்படும். ஸ்பரியர் ஆளை ஓடவிட்டுச் செய்ததை இப்போது ரேடியோ செய்துவிடுகிறது. மேலும், பந்து வைத்திருக்கும் பக்கமான அஃபென்ஸ் ஆளை மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற அவகாசம் தர வேண்டும் என்பது விதி. நடுவர் பந்தருகே நின்று ஸ்னாப்பை (சென்டர் பந்தைப் பின்னே கொடுத்து பிளேயைத் தொடங்குவதை) நிறுத்தி வைப்பார். வேகமாக ஆடி எதிரணியை மூச்சுவாங்க வைப்பதுதான் உங்கள் பலம் என்றால் டிரைவின் நடுவே ஆளை மாற்றுவது அந்தப் பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும்.

வெளியே தெரியாத செலவு பயிற்சி மைதானத்தில்

சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்க கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ விடாது. வீடியோ பார்ப்பதும் எடைப் பயிற்சியும் அதற்குள்தான். அதில் முதல் அணி முழுதாக நின்று ஆடும் பிளேக்கள் வாரத்துக்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் என்றால் அவருக்கு 70, மாற்று ஆளுக்கு 20. சரிபாதி என்றால் 45, 45. அதாவது ஆட்ட நாளான சனிக்கிழமை தேவைப்படும் மூன்றாம் டவுன் பிளேக்களில் பலவற்றை இருவருமே ஓரிரு முறைதான் ஆடிப் பார்த்திருப்பார்கள். டீபோ மாதிரி 12 பிளே கொண்ட தனிக் கட்டு என்றால் 90-இல் 15, 18 போதும், முதல் ஆளின் பங்கில் பெரிதாகக் கை வைக்க வேண்டியதில்லை.

எங்கே பிசகுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று இடம்.

ஒன்று, குரல். சென்டரும் லைன்மேன்களும் குவாட்டர்பேக்கின் குரல் தாளத்துக்குப் பழகியிருப்பார்கள். ஒருவர் இரண்டாவது சொல்லை இழுத்துச் சொல்வார், இன்னொருவர் வெட்டிச் சொல்வார். ஆள் மாறிய முதல் பிளேயிலேயே லைன்மேன் ஒருவர் அரை விநாடி முந்தி அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு போச்சு.

இரண்டு, ஜோன் ரீட் என்ற பிளேயில் பந்து, அதை வாங்கி ஓடும் ரன்னிங்பேக்கின் வயிற்றுக்குள் போய் நிற்கும் அந்தக் கணம். குவாட்டர்பேக்கின் கண் யாரும் தடுக்காமல் விட்ட டிஃபென்சிவ் எண்டின் (எதிர்வரிசையின் ஓரத்து ஆளின்) மேல் இருக்கும். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும், நின்றால் விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு காலடி தூரம் பந்தோடு கூடவே போவார், இன்னொருவர் சட்டென்று முடிவெடுப்பார். ரன்னிங்பேக் எப்போது கையை இறுக்குவது என்பது உடம்புக்குத் தெரிந்த விஷயம், யோசித்துச் செய்வதல்ல. பழக்கம் கலைந்தால் இருவர் கையும் பந்தில் இருக்க, பந்து தரையில்.

மூன்று, கை. வலக்கைக்காரர் வீச நிற்கும்போது முதுகு இடப்பக்கம் இருக்கும், அவருக்குத் தெரியாத பக்கத்தை இடது டேக்கிள் (வரிசையின் இடது ஓரத்து லைன்மேன்) காக்கிறார். இடக்கைக்காரர் வந்தால் அந்தச் சுமை வலது டேக்கிளுக்கு மாறும். பந்தின் சுழற்சியும் எதிர்த்திசையில் இருக்கும். ஓடியபடி வீசும் பிளேக்களையும் வலம் இடமாகத் திருப்பி எழுத வேண்டும். ஃப்ளோரிடா இதைத் தாங்கியது டீபோ வீசியது குறைவு என்பதால்தான். ஜார்ஜியாவும் 2002-இல் இடக்கை டேவிட் கிரீன், வலக்கை டி.ஜே. ஷாக்லி என்று ஆடி 13-1 என்று முடித்து எஸ்இசி (தென்கிழக்கு அணிகளின் கூட்டமைப்பு) பட்டம் எடுத்தது. அங்கும் கிரீன்தான் முதல் ஆள் என்பதில் குழப்பமே இல்லை.

ஒருவரையே நம்பினால்?

காயம்தான் பயம். அது வெறும் பயமும் இல்லை. 2018-இல் கிளெம்சன் நான்கு ஆட்டங்களில் கெல்லி பிரையன்டையும் ட்ரெவர் லாரன்ஸையும் கலந்து ஆடிவிட்டு லாரன்ஸைத் தேர்ந்தது. பிரையன்ட் உடனே விலகினார், அந்த ஆண்டுதான் வந்த புதிய விதிப்படி நான்கு ஆட்டம் வரை ஆடியவர் ஆடும் தகுதியில் ஓராண்டை இழக்காமல் வெளியேறலாம். அடுத்த ஆட்டத்திலேயே சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் வந்து 27-23 என்று ஆட்டத்தை மீட்டார். கிளெம்சன் 15-0 என்று பட்டம் வென்றது. முடிவு சரிதான், ஆனால் அந்த ஒரு சனிக்கிழமை நூலிழையில் தொங்கியது. அதே ஆண்டு அலபாமாவில் டுவா டகோவைலோவாவிடம் இடத்தைப் பறிகொடுத்தும் ஜேலன் ஹர்ட்ஸ் தங்கியிருந்தார். எஸ்இசி இறுதியில் டுவா காயப்பட்டதும் வந்து ஜார்ஜியாவை 35-28 என்று வென்று கொடுத்தார். மாற்று ஆள் தங்குவது அவருடைய குணத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. அவருக்கு உண்மையான ஆட்ட நேரம் கிடைக்கிறதா என்பதையும் பொறுத்தது.

எனவே தீர்ப்பு இப்படித்தான் அமையும். இருவரும் ஒரே மாதிரி வீசுபவர்கள் என்றால் சுழற்சி வேண்டவே வேண்டாம். 2022-இல் மிஷிகன் கோச்சாக இருந்த ஜிம் ஹார்பா செய்ததுபோல் முதல் வாரம் ஒருவர், இரண்டாம் வாரம் மற்றவர் என்று ஆட்டத்தைத் தொடங்கவைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் வாரத்துக்குள் முடிவெடுக்கலாம். அவர் கேட் மெக்னமாராவை விட்டு ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தார், அடுத்த ஆண்டு மிஷிகன் 15-0. குவாட்டர் குவாட்டராகப் பிரிப்பது மட்டும் கூடாது. இருவரில் ஒருவருக்கு ஓட்டம் தெளிவாக மேல் என்றால், மற்றவர்தான் முதல் ஆள் என்பதை அறிவித்துவிட்டு, ஓடுபவருக்கு 10 முதல் 12 பிளே கொண்ட கட்டு ஒன்றை எழுதுங்கள். அதில் குறைந்தது மூன்று வீச்சாக இருக்கட்டும். அவர் வருகிற இடங்களைத் திங்கட்கிழமையே இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்: கோல் கோட்டுக்கு 5 யார்டுக்குள், மூன்றாம் டவுனில் 2 யார்டுக்குள், இரண்டாம் குவாட்டரில் ஒரு முழு டிரைவ். முதல் ஆள் பந்தைப் பறிகொடுத்த உடனே மற்றவரை இறக்கக் கூடாது. அது தண்டனையாகத்தான் தெரியும், அடுத்த வீச்சில் அவர் கை தயங்கும். சொந்தக் கோல் கோட்டருகே 10 யார்டுக்குள் நிற்கும்போதும் மாற்றம் வேண்டாம், குரல் பிசகினால் இழப்பு அங்கேதான் பெரிது. உள்ளே போகப்போகிறவர் முந்தைய டிரைவ் தொடங்கும்போதே பெஞ்சின் பின்னால் வீசத் தொடங்கிவிட வேண்டும், மாற்று சென்டரிடம் ஐந்தாறு ஸ்னாப்பும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஷாக்லி ஜார்ஜியாவில் 2002 முதல் மூன்று சீசன் இப்படிச் சில டிரைவ்களை ஆடிக்கொண்டு காத்திருந்து, 2005-இல் முழுப் பொறுப்பேற்று எஸ்இசி பட்டத்தை எடுத்தார். வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற விதி இருந்த காலம் அது. 2021-இல் அந்தத் தடை தளர்ந்துவிட்டது. இன்றைய ஷாக்லிக்கு அந்த ஒரு முழு டிரைவை ஸ்கோர் எப்படி இருந்தாலும் சொன்னபடி கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் சீசன் முடிந்ததும் அவர் பெயர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலில் இருக்கும்.