கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா: கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

மாதச் செலவை நோட்டில் எழுதி வைக்கிற வீடுகளில் அடிக்கடி வருகிற வழக்கு இது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் "பேசாமல் இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கரண்ட் பில் வருகிற வாரத்தில் "அந்த அடுப்பைத் தூக்கிப் பரணில் போடு" என்று இன்னொருவர் சொல்வார். தமிழ்நாட்டில் இரண்டு பேரும் சொல்வது சரிதான், வீடு மட்டும் வேறு வேறு. இங்கே மின் கட்டணம் அமைந்திருக்கிற விதத்தில், ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் ஒருவருக்கு இண்டக்‌ஷன் லாபமாகவும் மற்றவருக்கு நஷ்டமாகவும் இருக்க முடியும்.

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்ப்போம். சாதம், சாம்பார் என்று போனால் பருப்பு ஊறியதா, மூடி போட்டோமா என்று ஆயிரம் கேள்வி வரும். தண்ணீருக்கு அந்த வம்பு இல்லை.

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது சென்னையில் விலை 868.50 ஆனது. அதையே வைத்துக்கொண்டால் கிலோ 61 ரூபாய். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விலை மாறும். உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்து மாட்டிக் கொடுப்பவருக்கு நாம் கொடுக்கிற முப்பதோ ஐம்பதோ ரசீதில் வராது, ஆனால் நோட்டில் வரவேண்டும்.

கேஸ் அடுப்பு எரிகிற சூடு முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்க ஆய்வுக்கூடத்தில் குறைந்தது 68 சதவீதம் போனால் போதும். நம் வீட்டில், சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீ பக்கவாட்டில் ஏறி, ஃபேன் காற்றும் பட்டால் 60 சதவீதம் கிடைத்தாலே நல்லது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் 85 சதவீதம் அளவுக்கு உள்ளே போய்விடுகிறது.

ஆக, ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க கேஸில் சுமார் 11 கிராம் ஆகிறது, 67 பைசா. இண்டக்‌ஷனில் பத்தில் ஒரு பங்கு யூனிட். அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு என்ன விலை என்பதுதான் வழக்கே. யூனிட் 5 ரூபாய் என்றால் 50 பைசா. 6.50 என்றால் 65 பைசா, கேஸோடு சமம். 8.50 என்றால் 85 பைசா.

இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய இண்டக்‌ஷனுக்கு ஏறத்தாழ 130 யூனிட் வேண்டும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம்.

இப்போது கரண்ட் பில்லுக்கு வருவோம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "எனக்கு 450 யூனிட்டுக்கு 1,490 ரூபாய் பில், அப்படியானால் யூனிட் 3.30தான், கேஸை விட ரொம்ப மலிவு" என்று சராசரி போடுகிறார்கள். இது தப்புக் கணக்கு. இலவசமாக வருகிற முதல் 100 யூனிட்டை ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்டன. புதிதாக வாங்கி வைக்கிற அடுப்பு உட்காருவது வரிசையின் கடைசியில். அந்தக் கடைசி யூனிட்டின் விலைதான் அடுப்பின் விலை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரீடிங்கில், 2024 ஜூலை உயர்வின்போது வீட்டுக் கட்டணம் ஏறத்தாழ இப்படி அமைந்தது; இங்கே போடுகிற கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். முதல் நூறு எல்லா வீட்டுக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்கு அடுத்த நூறு, யூனிட் இரண்டே கால், இரண்டரை ரூபாய். 201 முதல் 400 வரை ஐந்து ரூபாயை ஒட்டி. 401 முதல் 500 வரை ஆறரை ரூபாயை ஒட்டி. 500 தாண்டினால் எட்டரை, அதற்கு மேல் ஒன்பதரை என்று ஏறிக்கொண்டே போகும்.

இதை மேலே உள்ள தண்ணீர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 400 வரை இண்டக்‌ஷன் ஜெயிக்கிறது. 401 முதல் 500 வரை இரண்டும் சமம். அதற்கு மேல் கேஸ்.

500ஐத் தாண்டும்போது இன்னொரு அடியும் விழுகிறது. அதுவரை பாதி விலையில் வந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது நூறும் முழு விலைக்குப் போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் கட்டுகிற வீடு, 501 ஆனால் 2,050க்குப் பக்கத்தில் கட்டுகிறது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 240 ரூபாய்! பாலை இன்னொரு தடவை சூடு பண்ணியதில் இது நடந்துவிடலாம்.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் நாலு பேர், ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து நாள் வருகிறது. முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 170 யூனிட் கூடும். அதே காலத்தில் மிச்சமாகிற கேஸ் 1,160 ரூபாய்.

முதல் வீட்டில் இப்போது 200 யூனிட். ஏசி கிடையாது. மாற்றினால் 370 ஆகும். கூடுதல் பில் 800 ரூபாய். இரண்டு மாதத்தில் 360 ரூபாய் மிச்சம். தாராளமாக மாறலாம்.

இரண்டாவது வீடு 300 யூனிட். மாற்றினால் 470. கூடுதல் பில் 910 ரூபாய் அளவில், மிச்சம் 250. மாதம் 125 ரூபாய்தான் என்றாலும் மிச்சம் மிச்சமே. ஆனால் விளிம்பு பக்கத்தில் இருக்கிறது, விருந்தாளி வந்தால் கவனம் வேண்டும்.

மூன்றாவது வீடு 400 யூனிட். மாற்றினால் 570. கூடுதல் பில் 1,450 ரூபாய். மிச்சப்படுத்தப் போய் 300 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இந்த வீட்டுக்காரரிடம் யாராவது "இண்டக்‌ஷன் சிக்கனம்" என்று சொன்னால், சொன்னவரின் பில்லை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழைக் குடும்பங்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற உஜ்வாலா கேஸ் இணைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது, வருடத்துக்கு இத்தனை என்ற வரம்போடு. அதைக் கழித்தால் கேஸ் கிலோ 40 ரூபாய் சொச்சத்துக்கு வந்துவிடும். அவர்களுக்கு 200 யூனிட்டுக்குள் இருந்தால் மட்டும் இண்டக்‌ஷனைப் பற்றி யோசிக்கலாம்.

வாடகை வீட்டுக்காரர்களின் நிலைதான் பரிதாபம். பல வீடுகளில் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், சில இடங்களில் பத்து என்று வீட்டு ஓனரே விலை வைத்துவிடுகிறார். இலவச 100 யூனிட்டும் வாடகைக்கு இருப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை. மின் வாரியத்திடம் ஓனர் ஐந்து ரூபாய்க்கு வாங்கியது இவர்கள் கைக்கு எட்டு ரூபாயாக வருகிறது. இந்த விலையில் எந்த அளவு உபயோகத்திலும் இண்டக்‌ஷன் கேஸை ஜெயிக்காது. வாடகை பேசும்போது அட்வான்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம், யூனிட் விலையைக் கேட்க மறந்துவிடுகிறோம். தனி மீட்டர், தனி பில் என்றால் வாடகை ஐந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் சில குடும்பங்களுக்கு அதுவே மலிவாக முடியும்.

அடுப்பு வாங்குகிற செலவையும் சேர்க்கவேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் நல்ல இண்டக்‌ஷன் அடுப்பு கிடைக்கிறது. கூடவே வருகிற செலவுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டவேண்டும். அலுமினியக் குக்கர், இண்டாலியம் சட்டி, மண்சட்டி, ரசம் வைக்கிற ஈயச் செம்பு எதுவும் ஆகாது. இரும்புத் தோசைக்கல் காந்தத்தில் ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இருக்கவேண்டும். நம் பழைய கல்லில் பாதி நடுவில் குழிந்திருக்கும். குக்கர், கடாய், தோசைக்கல் மூன்றும் புதிதாக வாங்கினால் அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். கடைக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களில் வைத்துப் பாருங்கள்.

2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடுகிற சின்ன பிளக் அதற்குத் தாங்காது, பெரிய பவர் பிளக் வேண்டும். பழைய வீட்டுச் சமையலறையில் அது இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன், வயர், கூலி என்று இன்னொரு ஆயிரமாவது போகும். மாதம் 125 ரூபாய் மிச்சமாகிற இரண்டாவது வீட்டுக்கு, எல்லாம் சேர்ந்து 5,000 ஆனால் போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுப்பே ஒருமுறை பழுதாகலாம்.

ருசி, வசதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பளம் சுடுவது, கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைப்பது எல்லாம் தீயில்தான். தாளிப்பும் எனக்குக் கேஸில்தான் கைக்கு வருகிறது. தண்ணீர், பால், இட்லி, குக்கர் சாதம் இதெல்லாம் இண்டக்‌ஷனில் வேகமாக ஆகும், டைமர் வைத்துவிட்டு நகரலாம். கரண்ட் போனால் சோறு கிடையாது என்பதால் கேஸ் இணைப்பை யாரும் விடப்போவதில்லை. ஆகவே போட்டி உண்மையில் எந்த வேலையை எதில் வைப்பது என்பதில்தான்.

பட்ஜெட்டுக்குள் நிற்பது என்று பார்த்தால் கேஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு சிலிண்டர் என்ன விலை என்று முன்கூட்டியே தெரியும். அதிகமாக எரித்தால் சீக்கிரம் தீரும், கிலோ விலை அப்படியே இருக்கும். கரண்ட் அப்படி இல்லை. எவ்வளவு ஓடியது என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் கடைசி யூனிட்டுகளின் விலை ஏறியிருக்கும். கை மீறிச் செலவு செய்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கு, பைசாக் கணக்கில் கொஞ்சம் நஷ்டமானாலும் கேஸையே நான் சொல்வேன். ஒரே மாதத்தில் சிலிண்டரும் கரண்ட் பில்லும் சேர்ந்து வந்து இடிப்பதைத் தவிர்க்க, இரண்டுக்கும் சேர்த்து மாதாமாதம் ஒரே தொகையை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஏசி உள்ள வீடுகளுக்கு வருடம் முழுக்க ஒரே பதில் கிடையாது. சித்திரை, வைகாசியில் ஏசியே 500ஐத் தாண்ட வைத்துவிடும்; அப்போது இண்டக்‌ஷனைத் தொடவே கூடாது. கார்த்திகை, மார்கழியில் ஃபேனைக்கூட நிறுத்திவிடுகிறோம், பில் 250க்கு இறங்கும். அப்போது குளிக்கிற வெந்நீரைத் தவிர மற்றதை எல்லாம் தாராளமாக அதில் வைக்கலாம். ஹீட்டரும் கூட ஓடுகிற வீடானால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, அன்றைய எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 330 யூனிட்டைத் தாண்டியிருந்தால், இதே வேகத்தில் போனால் 500 விளிம்புக்கு வந்துவிடும். அடுத்த ரீடிங் வரை சமையல் கேஸில் இருக்கட்டும். 250க்குள் இருந்தால் குக்கரை இண்டக்‌ஷனில் ஏற்றுங்கள்.