நன்கொடைக்காக ஒரு பாலைவனப் பந்தயம்: பாஹாவா, டக்காரா, மொராக்கோவா?

நண்பர்கள் நாலைந்து பேர், ஒரு பழைய வண்டி, நல்ல காரியம் ஒன்றுக்கு நிதி திரட்டும் ஆசை. இப்படிக் கிளம்பும் குழுக்கள் முதலில் பார்ப்பது பந்தயத்தின் பெயரையும் தூரத்தையும்தான். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: வண்டி உடைந்த அன்று அந்தப் பந்தயம் உங்களை என்ன செய்யும்? உடையுமா என்று யோசிக்கவே வேண்டாம், உடையும்.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் நடக்கும் பாஹா 1000 இதில் இரக்கமே இல்லாதது. கொடி அசைந்ததிலிருந்து கடிகாரம் நிற்காது. இரவு ஓய்வு என்று ஒன்று கிடையாது. 1967இல் நடந்த முதல் ஓட்டத்தில் வென்ற மேயர்ஸ் மேங்ஸ் என்ற இலகுவான மணல்மேட்டு வண்டிக்கே (பக்கி) 27 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கியர்பாக்ஸ் போனால் கழற்றி மாட்டும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ஆனாலும் அமெச்சூர்களை இது இழுப்பதற்குக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ‘கிளாஸ் 11’ என்று தனிப்பிரிவே வைத்திருக்கிறார்கள். ராட்சத ட்ரோஃபி ட்ரக்குகள் போகும் அதே தடத்தில் அதுவும் போகலாம். நடிகர் பால் நியூமன் 2004இல் இங்கே ஓட்டியபோது அவருக்கு வயது 79.

அந்தத் தடத்தில் ‘சில்ட்’ என்று ஒன்று வரும். முகப் பவுடர் மாதிரி நுண்ணிய புழுதி, முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். மேலே பார்த்தால் சமதளம். அடியில் பள்ளமும் பாறையும். வேகத்தைக் குறைத்தால் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும், குறைக்காவிட்டால் ஆக்ஸில் முறியலாம். எழும்பும் தூசியில் பானெட்டே தெரியாது, ஏர் ஃபில்டர் அடைத்து இன்ஜின் திணறும். பின்னால் வருகிறவர்களுக்கோ நீங்கள் அங்கே நிற்பது தெரியாது.

இன்னொன்று, குழுவில் பாதிப் பேர் பந்தயத் தடத்திலேயே இருக்க மாட்டார்கள். உதிரிபாகமும் பெட்ரோலும் ஏற்றிய சேஸ் வண்டியில், நெடுஞ்சாலை 1இல் ராத்திரி முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பார்கள். குறுகலான சாலை, பல இடங்களில் ஓரமே இல்லை, மாடுகள் குறுக்கே வரும். பந்தய வண்டிக்குள் இருப்பவருக்கு ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கம்பிக்கூண்டு உண்டு, ஹெல்மெட் உண்டு. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் தன்னார்வலருக்கு என்ன இருக்கிறது? எனக்கு அவர்களை நினைத்தால்தான் பயம்.

சரி, பாஹா மண்தான் வேண்டும் என்றால் நோர்ரா மெக்சிகன் 1000 இருக்கிறது. 1967இல் அந்த முதல் ஓட்டத்தை நடத்திய அமைப்பு, பல பத்தாண்டு கழித்து மீட்டெடுத்த போட்டி. அதே தீபகற்பம்தான், ஆனால் ஓட்டத்தைப் பல நாட்களாகப் பிரித்துவிடுகிறார்கள். மாலையில் ஒரு ஊரில் நிறுத்தம், ராத்திரி வெல்டிங், காலையில் மறுபடி ஸ்டார்ட். முதல் நாள் உடைந்தாலும் கதை தொடரும். நன்கொடை தந்தவர்களுக்கும் மறுநாள் சொல்ல ஏதாவது இருக்கும்.

டக்கார் ராலியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2020 முதல் சவுதி அரேபியாவில், ஜனவரியில் இரண்டு வாரம். பழைய வண்டிகளுக்காக 2021இல் ‘கிளாசிக்’ பிரிவு வந்தது; அதில் சராசரி வேகத்தைத் துல்லியமாகப் பிடிப்பதுதான் போட்டி. இருந்தாலும் பந்தய லைசென்ஸ், வண்டியை அனுப்பும் கப்பல் செலவு, கார் குழுவுக்குப் பல்லாயிரம் யூரோ நுழைவுக் கட்டணம் என்று கூட்டினால், திரட்டும் பணத்தைவிடச் செலவு பெரிதாகிவிடும். அந்தத் தொகையை நேராகவே கொடுத்துவிடலாமே என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

மொராக்கோவில் தர்ம காரியம் பந்தயத்தோடேயே பின்னியிருக்கிறது. 1997இல் தொடங்கிய 4எல் ட்ரோஃபியில் 18 முதல் 28 வயது மாணவர்கள், இருவர் இருவராக, பழைய ரெனோ 4 கார்களில் பிரான்ஸிலிருந்து பள்ளிப் பொருட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வயது தாண்டியவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான் குறை. 1990இல் தொடங்கிய ஆயிஷா தே கஸல் ராலி பெண்களுக்கு மட்டும். ஜிபிஎஸ் கிடையாது, வரைபடம், திசைகாட்டி, ஸ்கேல். செக்பாயிண்டுகளை யார் குறைந்த கிலோமீட்டரில் தொட்டார்களோ அவர்களுக்கே வெற்றி. வேகத்துக்கு மதிப்பில்லாததால் வண்டி பிழைக்கிறது. ராலியோடு தொடர்புடைய ‘கேர் தே கஸல்’ அமைப்பு அந்த வட்டாரத்து மக்களுக்கு மருத்துவ முகாமும் நடத்துகிறது. பெண்கள் குழு என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்; மற்றவர்களுக்கு நோர்ரா. பாஹா 1000, ஏற்கெனவே ஒன்றிரண்டு பாலைவன ஓட்டம் முடித்தவர்களுக்கு.

எதில் போனாலும் நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் சொந்தக் காசிலோ ஸ்பான்சர் காசிலோ இருக்கட்டும். நன்கொடைக் கணக்கைத் தனியாக வையுங்கள். அப்புறம், நன்கொடை கேட்கும் விதமும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். பாஹாவில் ‘ஓட்டிய மைலுக்கு இவ்வளவு’ என்று கேட்டால், பாதியில் நின்றாலும் பாதியாவது வரும். அதையே கஸல் ராலியில் கேட்டால் வழி தவறத் தவறத்தான் வசூல் கூடும்! அங்கே தொட்ட செக்பாயிண்டுக்கு இவ்வளவு என்று கேளுங்கள்.