ஃபார்கோ, முதல் சீசன்: படத்தின் கதையைத் தொடாத தழுவல்

வெற்றி பெற்ற ஒரு திரைப்படத்தைத் தொலைக்காட்சித் தொடராக மாற்றும்போது, அந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அதன் தலைவிதியைத் தீர்மானித்துவிடுகிறது. கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ (1996) படத்துக்கு இது இரண்டு முறை நடந்தது. 1997-இல், படத்தின் நாயகியான கர்ப்பிணிக் காவல் அதிகாரி மார்ஜை அப்படியே எடுத்துக்கொண்டு, ஈடி ஃபால்கோ நடிக்க, கேத்தி பேட்ஸ் இயக்கத்தில் முன்னோட்டமாக ஓர் அத்தியாயம் மட்டும் எடுத்தார்கள். அது தொடராகவே வளரவில்லை. ஃபிரான்சிஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேடத்தில் இன்னொருவரை வாராவாரம் யார் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்?

2014-இல் எஃப்எக்ஸ் தொலைக்காட்சிக்காக நோவா ஹாலி எழுதிய பத்து அத்தியாயங்களில் மார்ஜ் இல்லை. படத்தின் கதையும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பனி, மரியாதை குறையாமல் பேசும் சிற்றூர் மனிதர்கள், அந்த மரியாதைக்கு அடியில் புழுங்கும் ஆற்றாமை, ‘இது உண்மைக் கதை’ என்று தொடக்கத்திலேயே கூசாமல் சொல்லப்படும் பொய் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 2006-இல் பெமிட்ஜி என்ற ஊரில் நடக்கும் புதிய கதையை அவர் கட்டியிருக்கிறார். பள்ளிக்காலத்தில் தன்னைக் கொடுமைப்படுத்தியவனால் மூக்குடைந்து மருத்துவமனையில் காத்திருக்கும் காப்பீட்டு முகவர் லெஸ்டர் (மார்ட்டின் ஃப்ரீமேன்), பக்கத்தில் அமர்ந்திருக்கும் மால்வோ (பில்லி பாப் தோர்ன்டன்) என்ற அந்நியனிடம் புலம்புகிறார். அவனைக் கொன்றுவிடட்டுமா என்று மால்வோ கேட்கும்போது லெஸ்டர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. அந்த மழுப்பலிலிருந்துதான் பத்து மணி நேரக் கதையும் கிளம்புகிறது.

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு குற்றக்கும்பலின் அலுவலகத்துக்குள் துப்பாக்கியுடன் நுழையும் மால்வோவைக் கேமரா பின்தொடர்வதில்லை. கட்டடத்துக்கு வெளியிலேயே நின்று கண்ணாடிச் சுவர் வழியே ஒவ்வொரு தளமாக நகர்கிறது. வெடிச்சத்தமும் அலறலும் மட்டும் கேட்கின்றன. நான் மிகவும் ரசித்த காட்சி இதுதான். படத்தின் எந்தக் காட்சியையும் நகலெடுக்காமலேயே, கொடூரத்தைப் பதற்றமின்றி விலகி நின்று பார்க்கும் அதன் பார்வையை இது பிடித்துவிடுகிறது.

இரண்டு குறைகள் உண்டு. காவல் தலைவர் பில் (பாப் ஓடன்கிர்க்), தனக்குக் கீழ் பணிபுரியும் அதிகாரி மோலி (ஆலிசன் டோல்மன்) கொண்டுவரும் தடயங்களைத் தொடர்ந்து தட்டிக்கழிப்பது முதலில் நகைச்சுவையாகவும், பிறகு கதையை நீட்டும் உத்தியாகவும் படுகிறது. படத்தில் பனிக்குள் புதைக்கப்பட்ட பணப்பெட்டியைக் கண்டெடுத்துச் செல்வந்தராகும் ஸ்டாவ்ரோஸின் கிளைக்கதை, நேரடித் தொடர்பு ஒன்றாவது வேண்டுமே என்று சேர்த்ததுபோல் இருக்கிறது. அதன் முடிவும் ஒட்டவில்லை.

கதாபாத்திரங்களைத் தக்கவைத்துக்கொண்டும் ஜெயித்த தொடர்கள் இல்லாமல் இல்லை. 1970-இல் வந்த ‘மாஷ்’ படத்தின், கொரியப் போரில் பணியாற்றும் ராணுவ மருத்துவர்களை வைத்தே 1972 முதல் 1983 வரை 11 சீசன்கள் ஓடின. அந்தப் போரே மூன்று ஆண்டுகள்தான் நடந்தது. ஆனால், போர்முனை மருத்துவமனைக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாகக் காயம்பட்டவர்கள் வந்துகொண்டிருப்பார்கள். ‘காசாபிளாங்கா’ படத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் நாயகன் ரிக் கடைசியில் என்ன முடிவெடுப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க, படத்துக்கு முந்தைய காலத்தைச் சொன்ன 1983-ஆம் ஆண்டுத் தொடர் ஐந்தே அத்தியாயங்களோடு நின்றுபோனது.

முதல் சீசனைப் பார்க்கப் படம் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. பார்த்திருந்தால் பணப்பெட்டிக் காட்சி மட்டும் கூடுதலாகப் புரியும். சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருது பெற்ற இந்தச் சீசனின் கதை பத்து அத்தியாயங்களுக்குள் முழுமையாக முடிந்துவிடுகிறது. தொடர விரும்புவோர், 1979-இல் மோலியின் தந்தை லூவின் இளமைக்காலத்தைச் சொல்லும் இரண்டாம் சீசனுக்குத் தயங்காமல் போகலாம். கான்சாஸ் சிட்டிக்கு இடம்பெயரும் நான்காம் சீசனைப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.