துப்பாக்கியோடு நிற்கும் சக் கானர்ஸ்: கையெழுத்துப் படம் ஒன்றின் மதிப்புரை

நியூயார்க்கில் உள்ள ஒரு கடையிலிருந்து, பேஸ்பால் வீரராக இருந்து நடிகரான சக் கானர்ஸ் கையெழுத்திட்ட 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள கறுப்பு வெள்ளைப் படத்தை அஞ்சல் வழியே வாங்கினேன். 'தி ரைஃபிள்மேன்' தொலைக்காட்சித் தொடரின் வின்செஸ்டர் துப்பாக்கியோடு அவர் நிற்கும் படம் அது.

நடிக்கப் போன பேஸ்பால் வீரர்களின் படங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் இவரிடமிருந்தே தொடங்கலாம் என்பேன். 1949இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஒரே ஓர் ஆட்டம், 1951இல் சிகாகோ கப்ஸுக்காக 66 ஆட்டங்கள் என்பதோடு அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் அவருடைய வாழ்க்கை முடிந்துவிட்டது. ஆனால் கப்ஸ் அணி அவரை அனுப்பிய, அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக் அணி லாஸ் ஏஞ்சலிஸில் இருந்ததால், ஹாலிவுட்காரர்களின் கண்ணில் பட்டு, 1952இலேயே திரையில் தோன்றினார். அந்தத் திருப்பத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தப் படத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டாகிறது.

படம் வந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீல மை, தாளின் பளபளப்புக்கு மேலே தனிப் படலமாக நிற்கிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் கருத்திருக்கிறது. கை வேகமெடுத்த இடங்களில் மெலிந்து, பெயரின் முடிவில் இழுபட்டு ஓய்கிறது. ஒருவரின் கையெழுத்தை அப்படியே திரும்பத் திரும்பப் போடும் இயந்திரப் பேனாவின் கையெழுத்தில் இந்த ஏற்ற இறக்கம் இராது. அச்சிட்ட கையெழுத்தில் மை தனியாக மேலெழுந்து தெரியாது.

குறைகள் இரண்டு. படத்தை பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நாளடைவில் அந்த உறை மையை இளக்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அன்றே பாலியெஸ்டர் உறைக்கு மாற்றினேன். கையெழுத்து உண்மையானது என்று உடன் வந்த சான்றிதழும் கடையே எழுதித் தந்தது. 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் போலிக் கையெழுத்துகளோடு பொய்ச் சான்றிதழ்களும் சேர்ந்தே அகப்பட்டன என்பதை அறிந்தவர்கள், விலை கூடுதலான படங்களுக்கு வேறொரு நிபுணரின் கருத்தையும் கேட்டே வாங்குவார்கள்.

இருந்தும் இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. 1938இல் 'ராஹைட்' என்ற கௌபாய் படத்தில் தன் சொந்தப் பெயரிலேயே தோன்றிய பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் கையெழுத்துப் படம் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். தங்களிடம் வந்த ஒன்றே ஒன்றும் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருந்ததாகவும், அத்தகைய பேனா புழக்கத்துக்கு வருமுன், 1941இலேயே கெரிக் இறந்துவிட்டதால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் பதில் எழுதினார்கள்.