மொரிசியஸ் எரிமலை டூர்: வேனில் சீட்டா, தனி வண்டியா?

எதிர்வீட்டு அண்ணாச்சி குடும்பத்தோடு மொரிசியஸ் போக டிக்கெட் போட்டுவிட்டார். மும்பை வரை போய், அங்கிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். போன வாரம் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, அங்க எரிமலைப் பக்கம் ஒருநாள் டூர் இருக்காம்லா? அதுக்கு வேன்ல சீட்டு போடவா, இல்ல தனியா வண்டி பேசவா?”

மே மாதம் நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. முதலாவது சொதப்பியதால் இரண்டாவது. ஒரே பாதை, ஒரே இடங்கள், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை. ஆகவே எனக்கு ஒரு கட்சி உண்டு, அதை மறைக்கப் போவதில்லை: நான் தனி வண்டிக் கட்சி.

டூர் என்னவென்று இரண்டு வரியில். தீவு முழுக்கவே எரிமலை கக்கியதுதான், சுமார் 80 லட்சம் ஆண்டுப் பழசு. இப்போது எதுவும் கொதிக்கவில்லை, புகை கூட இல்லை. கியூர்பிப் ஊரில் ட்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாய், அப்புறம் கிராண்ட் பாசின் என்ற கங்கா தலாவ் ஏரி, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, ஷாமரேல் அருவி, ஏழு வண்ண மண். தென்மேற்கு டூர் என்று யாரிடம் கேட்டாலும் இந்த ஐந்தும் வரும். முன்னே பின்னே ஒன்றிரண்டு சேரும்.

போனது நான்கு பேர். நான், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபது தாண்டிய அம்மா. அம்மா பிறந்தது காயாமொழி. அது தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய் நாளாகிவிட்டது என்றாலும் அம்மா கணக்கில் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். தேரி என்கிற செம்மணல் மேட்டில் காலை வைத்து வளர்ந்தவள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

முதலில் வேன். தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையிலேயே பதிவு செய்தோம். வண்டி எட்டு மணிக்கு வந்துவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் கடற்கரை ஓரமாக இன்னும் மூன்று விடுதிகளில் ஆள் ஏற்றி, மேட்டுப் பக்கம் திரும்பும்போது ஒன்பதே காலுக்கு மேல். கைடு நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஒவ்வொன்றையும் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார். ஆங்கிலம் வருவதற்குள் அந்த இடம் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கும்.

புரட்டாசிச் சனிக்கிழமை நம்மூரில் நவதிருப்பதிக்கு விடும் சிறப்புப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? அதே கதைதான். ஒன்பது கோயிலையும் பார்த்துவிடலாம், ஒன்றிலும் நிற்க முடியாது. ஆனால் அந்தப் பேருந்து நடுவில் ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாது. எங்கள் வேன் நிறுத்தியது. மரத்தில் சின்னச் சின்னக் கப்பல் செய்து விற்கும் கடை. வேலைப்பாடு அருமை, விலையும் அப்படியே. ஐம்பது நிமிடம். பிற்பாடு ஏழு வண்ண மண்ணுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். இந்தக் கணக்கை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, கடையைக் கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது பனி.

மொரிசியஸில் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்து மேட்டை எடை போட முடியாது. காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து, கடலைத் தடவிக்கொண்டு ஈரமாக வருகிறது. நடு மேட்டில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிச் சாரலைக் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரைக்கு இறங்கும்போது வெறும் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் குற்றாலத்தை நனைத்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்புமே, அதேதான். நாங்கள் தங்கியது மேற்குக் கரையில், பிளிக் ஆன் பிளாக்கில். காலையில் சுள்ளென்று வெயில். கியூர்பிப்பில் வேன் கதவைத் திறந்தால் தோளில் ஈரம் படிகிறது. ட்ரூ ஓ செர்ஃப் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளிம்பில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இருபது பேர் வெள்ளையாக ஒன்றும் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கைடு கையை நீட்டி, இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது என்றார். என் மகள் அந்தப் பனியைப் போட்டோ எடுத்தாள். இன்னும் போனில் இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல முடியாது. வேனுக்கு வரிசை எழுதியாகிவிட்டது. முதலில் கியூர்பிப், பிறகு கடை, பிறகு ஏரி, ஒரு மணிக்கு இன்ன உணவகத்தில் இத்தனை இலை. அதை மாற்றினால் எல்லாம் கலையும்.

இரண்டாம் தடவை பேசிய கார் ஓட்டுநர், கிளம்புவதற்கு முன் ஒன்று செய்தார். கியூர்பிப்பில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். துணி காயப்போட்டிருக்கிறாளா என்று கேட்டார். இல்லையாம். உடனே வரிசையைத் தலைகீழாகத் திருப்பினார்: முதலில் ஷாமரேல், மேட்டுக்குச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் டூரின் வெற்றி தோல்வி முழுக்க இந்த ஒரு போனில் இருக்கிறது என்பது என் கட்சி. வண்டியின் சொகுசு, ஏசி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட்டரை மணிவாக்கில் ஷாமரேலில் இருந்தோம். ஏழு வண்ண மண் பெரிய இடமில்லை, இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் மரக் கட்டை வேலி, உள்ளே கால் வைக்கக் கூடாது. எரிமலைப் பாறை மழையிலும் வெயிலிலும் நைந்து களிமண்ணாகி, கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிய மேடு அது. சிவப்பும் பழுப்பும் இரும்பால், நீலமும் ஊதாவும் அலுமினியத்தால் என்கிறார்கள். வேனில் வந்தபோது உச்சி வெயில். எல்லாம் ஒரே செங்கல் நிறமாகத் தெரிந்தது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “எய்யா, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம தேரி இதைவிடச் சிவப்புல்லா” என்றாள். அம்மா சொன்னதில் தப்பில்லை. தேரி மணலும் இரும்புத் துருவால்தான் சிவந்தது.

காலையில் அதே இடம் வேறு மாதிரி இருந்தது. வெயில் சாய்ந்து விழும்போது மேட்டின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பக்கம் நிழல் விழுகிறது. அந்த நிழல் விளிம்பில்தான் ஊதா தெரிகிறது. ஒரு மடிப்பு காவி, அடுத்தது கத்தரிப்பூ, அதற்கும் அடுத்தது அடுப்புச் சாம்பல் போல. ஏழு இருக்கிறதா என்று மகள் எண்ணினாள். ஐந்துக்கு மேல் அடித்துச் சொல்ல முடியவில்லை. எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். ஒரு மணி நேரம் இருந்தோம். பக்கத்தில் அடைத்து வைத்திருக்கும் ராட்சத ஆமைகளை வேனில் வந்தபோது பார்க்கவே இல்லை.

கடையில் கண்ணாடிக் குழாயில் ஏழு நிற மண்ணையும் அடுக்கி விற்கிறார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து வருகிறவள் அவள். “மண்ணைத் துட்டு குடுத்து வாங்கவா?” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மனைவிதான் ஒன்று வாங்கினாள்.

ஷாமரேல் அருவி ஏறக்குறைய 100 மீட்டர். பார்க்கும் மேடையிலிருந்து தூரத்தில் தெரியும், தலையை நீட்ட முடியாது. குற்றாலத்துக்காரர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். பள்ளத்தாக்குக் காட்சி முனை நன்றாக இருக்கிறது. கங்கா தலாவ் எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை. அங்கே எப்படிப் போனாலும் ஒன்றுதான், குரங்குக்கு வாழைப்பழம் காட்டாமல் இருந்தால் போதும்.

மூன்று மணிக்கு மறுபடி கியூர்பிப். மேகம் விலகியிருந்தது. பள்ளம் 300 மீட்டருக்குக் குறையாத அகலத்தில், உட்புறம் முழுக்க மரம் அடர்ந்து, அடியில் சேறும் கோரையும் கலந்த ஒரு குட்டை. மறுபக்கம் தூரத்தில் கூர் கூராக மலைகள். தீவின் முதல் பெரிய எரிமலை உள்வாங்கியபோது மிஞ்சிய விளிம்பு அவை. மாலை வரை இருந்தோம். மே மாதத்தில் அங்கே ஆறு மணிக்குள் இருட்டிவிடும், அதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு வேனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். கார் ஓட்டுநர் கைடு இல்லை. எங்களவர் தமிழ் வம்சாவளி. கண்ணாடியில் முருகன் படம், குடும்பப் பெயரில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு ‘பிள்ளை’, ஆனால் தமிழ் வராது. காவடித் திருநாளுக்கு வாழையிலையில் ஏழு கறி போடுவோம் என்று ஆங்கிலத்தில் ஆசையாகச் சொன்னார். கரும்புக் காட்டில் கூம்பு கூம்பாகக் குவித்திருக்கும் கறுப்புக் கல் என்ன என்று கேட்டால் சிரித்தார். வேன் கைடுதான் சொல்லியிருந்தார்: கரும்பு நடுவதற்காகக் கூலிகள் கையால் பொறுக்கிக் குவித்த எரிமலைக் கல். இந்தத் தீவைச் செய்த அதே அடிநெருப்புதான் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் நம் தக்காணத்தின் கரும்பாறையையும் கக்கியது என்பதும், அது இப்போது பக்கத்து ரீயூனியன் தீவில் எரிந்துகொண்டிருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும். அவர் இல்லையென்றால் பள்ளத்தைப் பள்ளமாகத்தான் பார்த்திருப்போம். கார் எடுக்கிறவர்கள் முதல் நாள் ராத்திரி கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், அவ்வளவே.

செலவு. நாங்கள் போனபோது அங்கத்து ஒரு ரூபாய் நம் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குக் கீழ். (நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அங்கத்துத் தமிழர்கள் கிளம்பியதும், அந்த நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அம்மா ஒரு நோட்டை மடிக்காமல் வைத்திருக்கிறாள்.) வேனில் தலைக்கு இவ்வளவு, காரில் ஒரு நாளுக்கு இவ்வளவு. நான்கு சீட்டுப் பணமும் ஒரு கார் வாடகையும் எங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வேனில் மதியச் சாப்பாடு சேர்த்தி, காரில் நம் பாடு. அதுவே லாபமாகிவிட்டது. ஓட்டுநர் நிறுத்திய ரோட்டோரக் கடையில் கொதிக்கக் கொதிக்கக் காத்தோ பிமான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாணிப் பருப்பை அரைத்து மிளகாய் கிள்ளிப் போட்ட உருண்டை வடை. ஆளுக்கு அரை டஜன் உள்ளே போனது.

தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் கணக்கு மாறும். வேனே மலிவு, பேச்சுத் துணைக்கு ஆளும் உண்டு. அப்போது கடை நிறுத்தம் உண்டா, எங்கே எத்தனை நிமிடம் என்று மட்டும் பணம் கட்டும் முன் கேட்டு வாங்குங்கள்.

தானே ஓட்டுவது மூன்றாவது வழி. நான் ஓட்டவில்லை. தங்கை மாப்பிள்ளை ஓட்டினார். நம்மூர் மாதிரி இடப் பக்கம்தான், கஷ்டமில்லை என்கிறார். கரையிலிருந்து ஷாமரேலுக்கு ஏறும் வளைவுகளில் அவர் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டதாகவும் கேள்வி. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறியவர்களுக்கு அது பெரிசில்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நான் வாடகைக் காரின் பின்சீட்டில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பேருந்து கியூர்பிப் வரை சுலபம், அங்கிருந்து எரிமலை வாய்க்கு நடந்தே போய்விடலாம். ஷாமரேலையும் அதே நாளில் பேருந்தில் முடிக்க நான் முயல மாட்டேன், அம்மாவோடு நிச்சயமாக மாட்டேன்.

அண்ணாச்சி வீட்டில் ஆறு பேர். வேனில் ஆறு சீட்டு போடும் பணத்துக்கு ஒரு பெரிய வண்டியே பேசிவிடலாம். நேற்று வந்து ஓட்டுநர் நம்பரைக் கேட்டார். எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “எய்யா, அந்த வடைக்கடை எங்கன்னும் சேத்து எழுதிக் குடு.”