பந்தய நீச்சலுடை: ஒரு கட்டிங் மாஸ்டரின் மதிப்பீடு

திருப்பூரில் இருபது ஆண்டுகளாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மகளுக்கு 12,000 ரூபாயில் பந்தய நீச்சலுடை வாங்கியதும், முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். நம் ஊர்ப் பின்னல் துணி அல்ல, நெய்த துணி. மூட்டுகளில் தையலே இல்லை, ஒட்டுப்பட்டைதான். தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டோடுகிறது.

அணிய இருபது நிமிடம் ஆகிறது. நகம் படாமல், விரல் நுனியால் இம்மி இம்மியாக ஏற்ற வேண்டும். "மூச்சு முட்டுகிறதப்பா" என்றாள். "கொஞ்சம் பொறு அம்மணி" என்றேன்.

கோவையில் நடந்த போட்டியில் 100 மீட்டரில் அவள் நேரம் 0.9 விநாடி குறைந்தது. ஆனால் முந்தைய வாரம் பயிற்சியைக் குறைத்து நன்றாக ஓய்வெடுத்திருந்தாள்; அந்தப் பங்கை மறைப்பது நியாயமல்ல.

உடை உடலை இறுக்கி நீரின் எதிர்ப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. பாலியூரித்தேன் என்ற, துணியல்லாத பிளாஸ்டிக் வகைப் பொருளாலான உடைகள் கோலோச்சிய 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் படைக்கப்பட்டன. 2010 முதல் துணி உடைகளுக்கு மட்டுமே அனுமதி. பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை. நாங்கள் வாங்கியதும் அந்த வகைதான்.

ஆறாவது முறை அணிந்தபோது தொடையோரப் பட்டை உரிந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார். இந்த விலைக்கு இது அநியாயம்!

தகுதி நேரத்தை அரை விநாடியில் தவறவிடுகிற பிள்ளைக்கு வாங்குங்கள். நீச்சல் பழகும் குழந்தைக்கு வேண்டாம். அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.