சைத்னாயா சிறை இணையதளம்: ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு திறங்கள்

சிரியாவில் அசாத் ஆட்சி தன் எதிர்ப்பாளர்களை அடைத்துச் சித்திரவதை செய்த சைத்னாயா ராணுவச் சிறையை முப்பரிமாண மாதிரியாக இணையத்தில் பார்க்கலாம். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலும், கட்டடங்களை ஆராய்ந்து உரிமை மீறல்களைத் துப்பறியும் லண்டனின் ஃபோரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவும் 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. காசு கிடையாது. வீடியோ கேம் மாதிரி இருக்குமோ என்று தயங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்படி இல்லை.

உள்ளே இருந்தவர்களே அந்தக் கட்டடத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோவார்கள், பேசினால் அடி, வெளியாள் யாருக்கும் அனுமதி இருந்ததில்லை. பிறகு எப்படி வரைந்தார்கள்? காதை வைத்துத்தான். உயிர்தப்பிய சிலரை இஸ்தான்புல்லில் சந்தித்து, விதவிதமான எதிரொலிகளைப் போட்டு, நீங்கள் இருந்த அறை இப்படி ஒலித்ததா, இதைவிடச் சின்னதா என்று கேட்டுக் கேட்டே சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டால் சாப்பாட்டு நேரம், காலடிச் சத்தத்தை வைத்து எந்தக் காவலர் வருகிறார் என்று தெரியும். ஒலிப் பகுதியைச் செய்தவர் பின்னால் சொன்ன கணக்குப்படி, ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சி தொடங்கிய 2011க்குப் பிறகு கைதிகளின் கிசுகிசுப்பு முன்பைவிட 19 டெசிபெல் இறங்கியிருந்தது.

கதவில் சாப்பாடு தள்ளும் சிறு திறப்பு வழியே தலையை நீட்டச் சொல்லி அடித்ததை ஒருவர் விவரிக்கிறார். நான் அத்தோடு மூடிவைத்துவிட்டேன், மீதியை அப்புறம்தான் பார்க்க முடிந்தது. இன்னொருவருக்கு அந்த இடம் முழு வட்டமாக நினைவிருக்கிறது, நிஜத்தில் அப்படி இல்லை. தப்பான சாட்சி என்று தள்ளாமல், அடி வாங்கியவருக்கு இடம் அப்படித்தான் தெரிந்தது என்று அதையும் சாட்சியமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காதது, இதை வைத்து நடத்திய பிரசாரம். கண்காணிப்பாளர்களைச் சிறைக்குள் விடச் செய்யுங்கள் என்று அமெரிக்காவையும் ரஷ்யாவையும் கேட்டுக்கொண்டார்கள். ரஷ்யாவிடமா? சிரியா விவகாரத்தைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானத்தை 2014 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபையில் சீனாவோடு சேர்ந்து வீட்டோ செய்த நாடு அது. அதற்கு முன்பே 'சீசர்' என்ற புனைபெயர் கொண்ட சிரிய ராணுவப் புகைப்படக்காரர் கடத்தி வந்த 50,000க்கும் மேற்பட்ட படங்களின் விவரம், காவலில் இறந்தவர்களின் பட்டினியில் வற்றிய உடம்புகள் உட்பட, உலகத்துக்கே தெரியும். பிணத்தைப் பார்த்து அசையாதவர்கள் கம்ப்யூட்டர் மாதிரியைப் பார்த்து அசைவார்களா என்ன!

கடைசியில் நீதி கொஞ்சம் நகர்ந்தது ஜெர்மனியில். டமாஸ்கஸின் அல்-காதிப் தடுப்பு மையத்தில் விசாரணைப் பொறுப்பில் இருந்த அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. சைத்னாயாவைத் திறந்ததோ 2024 டிசம்பரில் கிளர்ச்சிப் படைகள், ஐ.நா. அல்ல.

போனைவிடப் பெரிய திரை நல்லது, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். முதலில் சாட்சிகள் பேசுவதைக் கேளுங்கள், அப்புறம் அறைகளுக்குள் போங்கள். சிறையில் 2011 செப்டம்பரிலிருந்து 2015 டிசம்பர் வரை 5,000 முதல் 13,000 பேர் வரை தூக்கிலிடப்பட்டிருக்கலாம் என்ற அம்னெஸ்டி மதிப்பீடு 2017 பிப்ரவரி அறிக்கையில்தான் வந்தது, அதைத் தனியாகத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.